குரிஹாரா சோதனை

முதலில் இந்தக் குழல்விளக்கை மாற்றச் சொல்லுங்கள், வகிதாசான். துடிக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரியாது, என் கண்ணுக்குத் தெரிகிறது. போன முறை இந்தப் போலீஸ் நிலையத்தில் நீங்கள் என்னை விசாரித்தபோதும் இப்படித்தான் துடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

உருஷிதானியிலிருந்து வரும் பஸ் சக்கரத்தில் சங்கிலி கட்டிக்கொண்டு பனியில் ஊர்ந்து வந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும், "கேஸ்தான் முடிஞ்சுபோச்சே, அசாகுராசான். இந்தப் பனியில எதுக்கு அலையறீங்க? வீட்ல சூடா ஒக்காருங்க" என்றீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் கேஸ் முடியவில்லை. உங்கள் அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தாமல் என்னால் வீட்டில் உட்கார முடியாது.

குரிஹாரா மசாதோ இறந்தது விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். சுரங்கத்துக்குள் இருக்கும் எங்கள் இருட்டுக்கூடத்துக்கு அவர் யாரிடமும் சொல்லாமல் போனார். உள்ளே ஆள் இருப்பதைக் காட்டும் தன் பெயர்ச்சில்லைத் திருப்பி வைக்க மறந்தார். அவர் உள்ளே இருப்பது தெரியாமல் அசாகுராவும் உதவியாளர் எபினாவும் கதவை மூடினார்கள். நைட்ரஜன் நிரப்பினார்கள். மூச்சுக்குக் காற்றில்லாமல் இறந்தார். அந்த வரிகளைப் பற்றிப் பிறகு பேசலாம். நான் சொல்லும் தவறு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்கள் எழுதிக்கொடுத்ததை அப்படியே சேர்த்திருக்கிறீர்கள். அன்றைக்கு என் கருவிகள் இருட்டில் பார்த்த வெளிச்சம், இறந்தவர் கையில் இருந்த சோதனை விளக்கின் வெளிச்சமாம். சுத்த அபத்தம்.

உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். வெளிச்சத்தை உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு மணி மிஞ்சும். அதற்கு மேல் உடையாது. போட்டான் என்பார்கள், நான் ஒளிமணி என்பேன். எங்கோ விண்வெளியிலிருந்து வரும் ஒரு துகள் சுத்தமான தண்ணீரில் மோதினால் அப்படிச் சில மணிகள் தெறிக்கும். அவற்றைப் பிடிக்கத்தான் அந்தப் பழைய துத்தநாகச் சுரங்கத்துக்குள், மலைக்கு அடியில், நாங்கள் இத்தனை பேர் தலையில் கவசமும் காலில் ரப்பர் பூட்ஸுமாக வாழ்கிறோம். எல்லோரும் வைத்திருக்கும் கண்ணாடிக் குமிழ், மணி ஒன்று வந்தது என்று மட்டும் சொல்லும். எந்தத் திசையிலிருந்து வந்தாய் என்று கேட்டால் முழிக்கும்.

என் கருவி முழிக்காது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பூச்சியின் கண்ணில் இருப்பதுபோலப் பொடிப்பொடி அறைகள், ஒவ்வொரு அறைக்கும் ஒரே ஒரு திசை. தன்னந்தனியாக ஒரு ஒளிமணி வந்து விழுந்தாலும், இதோ இந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். தட்டான் கண் என்று பெயர் வைத்தேன். எனக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, என் தலை நரைத்தது முழுக்க அதோடுதான். இதைச் சொன்னால் ஊரில் எல்லோரும் ஐயோ பாவம் என்ற முகத்தோடு பார்க்கிறார்கள். எனக்கு யாருடைய ஐயோ பாவமும் வேண்டாம்.

பல்கலைக்கழகத்தில் குரிஹாரா எனக்கு இளையவர். அதனால் கடைசிவரை என்னைச் சென்பாய் என்றுதான் கூப்பிட்டார், மூத்தவரே என்று. பதவியில் எனக்கு மேலே போய், எங்கள் குழுவுக்கே தலைவரான பிறகும் அந்த வார்த்தை மாறவில்லை. மரியாதை மட்டும்தான் மாறியது.

போன இலையுதிர் காலத்தில் கூட்டம் ஒன்று நடந்தது. புதிதாகத் தோண்டும் பெரிய தொட்டிக்குள் எந்தக் கண்களை வைப்பது என்று முடிவு செய்யும் கூட்டம். வெளியூர்ப் பேராசிரியர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். நான் பேசி முடித்ததும் குரிஹாரா எழுந்தார். "சென்பாய், உங்க தட்டானுக்குக் கண்ணு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது எப்பவும் நீங்க பாக்கச் சொன்ன பக்கத்தையே பாக்குதே. வளத்த நாய்க்குட்டி மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் குமிழ் விற்கும் கம்பெனிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவர் சொன்னதன் அர்த்தம் உங்களுக்குப் புரிகிறதா? விளக்கு எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், தெரிந்ததற்கு ஏற்றபடி கணக்கை வளைத்துவிட்டேன் என்று அர்த்தம். எங்கள் உலகத்தில் இதைவிடக் கேவலமாக ஒருவரைத் திட்ட முடியாது. நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். "அப்ப ஒரு சோதனை வைங்க. எனக்குத் தெரியாத எடத்துல நீங்களே வெளக்க மறச்சு வைங்க. நான் கண்டுபிடிக்கலைன்னா என் கருவியெல்லாம் நானே கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல சென்பாய். வசந்தத்துக்குள்ள ஆர்டர் குடுத்தாகணும். நீங்க பேசாம வெந்நீர் ஊத்துக்குப் போயி ஒரு வாரம் நல்லா ஊறிட்டு வாங்க. ஒடம்பு லேசாகும்" என்றார். மறுபடியும் சிரிப்பு.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கோபத்தோடுதான் சுரங்க ரயிலில் போய்வந்தேன். ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபத்தில் செய்கிறவர்கள் கணக்குப் பார்க்க மாட்டார்கள். நான் பார்த்தேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். மனித உடம்புக்கு வெளிச்சம் உண்டு. கதை விடவில்லை, உயிரோடு இருக்கும் எந்த உடம்பும் மூச்சுக் காற்றை எரித்துக்கொண்டே மிக மெல்லிய ஒளியைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். கன்னத்திலும் வாயைச் சுற்றியும் கொஞ்சம் கூடுதல். நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. தட்டான் கண்ணுக்குத் தெரியும். கருவியைச் செய்துகொண்டிருந்த காலத்தில் இருட்டுப் பெட்டியின் துளையில் என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். திரையில் என் கன்னம் வந்தது. குரிஹாராவிடம் சொன்னபோது, "சென்பாய் மூஞ்சியில ஒளி வீசுறது எனக்கு எப்பவோ தெரியுமே" என்று கிண்டல் செய்தார். அந்தக் காலத்தில் நாங்கள் நன்றாகத்தான் பழகிக்கொண்டிருந்தோம்.

இப்போது பெயர்ச்சில்லுக்கு வருகிறேன்.

இருட்டுக்கூடத்துக்கு ஒரே கதவு. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை, அதில் எங்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மரச்சில்லு தொங்கும். ஒரு பக்கம் கறுப்பு மையில் பெயர், மறுபக்கம் சிவப்பு மையில் அதே பெயர். உள்ளே போகும்போது சிவப்பு தெரியத் திருப்ப வேண்டும், வெளியே வந்ததும் கறுப்புக்கு மாற்ற வேண்டும். துத்தநாகம் வெட்டியவர்கள் விட்டுப்போன பழக்கம் இது. கூடத்துக்குள் அவசர மணி கிடையாது. மணிப் பொத்தானில் எரியும் குட்டிச் சிவப்பு விளக்குகூட எங்கள் கருவிகளுக்குச் சூரியன் மாதிரி. கைபேசி, கைக்கடிகாரம் எல்லாம் வெளியிலேயே பெட்டியில் போட்டுவிடுவோம். கதவை மூடியதும் உள்விளக்குகள் அணையும். பாறையிலிருந்து கசியும் கதிர்வீச்சுக் காற்றும் வெளிச்சத்தைக் கிளப்பும் என்பதால், அதை வெளியே தள்ள நைட்ரஜன் நிரப்புவோம். அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, நெஞ்சை அடைக்காது. உள்ளே மாட்டிக்கொண்டவர் தூக்கம் வருவதுபோலச் சாய்ந்துவிடுவார். ஆக, உள்ளே இருப்பவருக்கும் சாவுக்கும் நடுவில் இருப்பது அந்த மரச்சில்லு ஒன்றுதான்.

சில்லைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. நீங்களும் ரயிலடியில் பார்த்திருப்பீர்கள். கையை முழுக்க நீட்டி, விரலால் சுட்டி, கண்ணால் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் அதேபோலச் சுட்டிச் சொல்ல வேண்டும். இதில் என்னைவிடக் கறாரான ஆள் அந்த மலையிலேயே கிடையாது. கை மடங்கினால் திருப்பிச் செய்யச் சொல்வேன். குரல் சன்னமாக வந்தால் திருப்பிச் செய்யச் சொல்வேன். எனக்கு விரல் அசாகுரா என்று பட்டப்பெயரே உண்டு. எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் எபினா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அழ அழச் சொல்லவைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூடத் தப்புச் செய்ததில்லை. நான் சுட்டியதும் சுட்டுவாள், நான் சொன்னதும் சொல்லுவாள்.

குரிஹாரா இறந்த அன்று மதியம் அவர் கோஹேய் மோச்சி வாங்கி வந்திருந்தார். சோற்றைப் பிசைந்து குச்சியில் தட்டி, வால்நட் விழுதைத் தடவிச் சுட்டது. ஓய்வறை பூராவும் அந்த வாசனைதான். எனக்கு ஒரு குச்சியை நீட்டி, "சாப்பிடுங்க சென்பாய். கோவத்த வெறும் வயித்துல வச்சுக்கக் கூடாது" என்றார்.

"கோவமா? யாருக்கு?"

"சரி சரி, எனக்குத்தான் போல. எபினாசான், நீங்க ரெண்டு எடுத்துக்குங்க, இவங்ககிட்ட வேலை பாக்கத் தெம்பு வேணுமில்ல?"

எபினா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது. குரிஹாரா, "நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று கவசத்தை மாட்டிக்கொண்டு போனார். போகும்போது ஏதோ குறும்பு செய்யப்போகிற பையன் மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் எபினாவும் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு இருட்டுக்கூடத்துக்குப் போனோம். அன்றைக்கு கருவிகளை வழக்கம்போலச் சரிபார்க்கும் வேலைதான், வேறு விசேஷம் எதுவும் இல்லை. பலகைக்கு முன்னால் நின்றேன். கையை நீட்டினேன். "உள்ள ஆளில்ல. சரி" என்றேன். எபினா கையை நீட்டினாள். "உள்ள ஆளில்ல. சரி" என்றாள். கதவை மூடினோம். இதுவரை உங்கள் அறிக்கையில் இருப்பது அப்படியே நடந்தது.

குரிஹாராவின் சில்லு சிவப்பாக இருந்தது.

ஆமாம், திருப்பி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். ஒழுங்கான மனிதர். நான் அதை வாசித்தேன். என் பார்வையில் கோளாறு இல்லை, விரலுக்கு நேரே இருந்தது அது. எபினா அதைப் பார்க்கவில்லை. அவள் என் விரலைப் பார்த்தாள், என் குரலைக் கேட்டாள், நான் பழக்கியபடியே சொன்னாள். அந்தப் பெண்ணை இனியும் தொந்தரவு செய்யாதீர்கள். லீவு போட்டுவிட்டு, நானும் சரின்னு கத்தினேனே என்று அழுதுகொண்டிருக்கிறாளாம். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று கேட்கப்போகிறீர்கள். மனசு எங்கேயோ இருந்தது, கைதான் செய்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தெளிவாக நினைத்தேன். குரிஹாரா உள்ளே இருக்கிறார். எந்த மூலையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் உடம்பில் வெளிச்சம் இருக்கிறது. அது எங்கே என்று எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று இனி எந்த வாயும் பேச முடியாது. வைக்க மாட்டேன் என்று அவர் மறுத்த சோதனை, அவரையே உள்ளே வைத்துக்கொண்டு தயாராக நின்றது. அதை விட்டுவிடு என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் போலீஸ்காரர். உங்களால் விட்டுவிட முடியும்.

எபினா குனிந்து நைட்ரஜன் வால்வைத் திறந்தாள். அவள் குனிந்த நேரத்தில் நான் அவர் சில்லைக் கறுப்புக்குத் திருப்பினேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பதறினால் அளவீடு கெட்டுவிடும் என்பதற்காகத்தான்.

கூடம் பெரிது, நைட்ரஜன் மெல்லத்தான் நிரம்பும். நடுவில் கதவைத் திறக்க நேரம் இருந்ததா என்றால், தாராளமாக இருந்தது. அவர் கத்தியிருப்பார், தட்டியிருப்பார். கதவு தடிமன், உள்பக்கம் பஞ்சுத் திண்டு, வெளியே பம்பு ஓடுகிற சத்தம். எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மேஜை கதவை ஒட்டியே இருக்கிறது. நான் கருவிகளுக்கு மின்சாரத்தை மெல்ல மெல்ல ஏற்றினேன். திரையில் கூடத்தின் படம் விரிந்தது, சுவர், தரை, கதவு. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், அவை எப்போதும் வரும் இரைச்சல். பிறகு எதிர்ச்சுவர்ப் பக்கம் புள்ளிகள் சேரத் தொடங்கின. ஒன்றிரண்டு கண்கள் அல்ல, சுவரில் இருந்த அத்தனை தட்டான் கண்களும் ஆளுக்கொரு கோணத்திலிருந்து ஒரே இடத்தைச் சுட்டின. அடடா, என்ன அழகு தெரியுமா.

"அசாகுராசான், உள்ள ஏதோ வெளிச்சம் இருக்கு" என்றாள் எபினா. "கசிவா? வெளிச்சத்த மறைக்கிற துணி எங்கயாச்சும் கிழிஞ்சிருக்குமோ? நிறுத்திட்டுத் தெறந்து பாத்துடலாமா?"

"கசிவுன்னா ஒரே எடத்துல இருக்கும். இது நகருது பாரு."

"நகருதா? அப்ப இன்னும் மோசமாச்சே. எலி கிலி பூந்திருக்குமோ?"

"பொறு. தெறந்தா எல்லாம் போச்சு. எங்க போகுதுன்னு மொதல்ல பாப்போம்."

புள்ளிக் கூட்டம் சுவரை ஒட்டி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது, சுவரைத் தடவிக்கொண்டு வருகிறவரைப் போல. திசையே தெரியாத அந்தக் கும்மிருட்டில் அவர் சரியாகக் கதவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆள் உயரத்தில் புள்ளிக் கூட்டம் சிறிது நேரம் நின்றது. மேலும் கீழும் ஆடியது. பிறகு மெல்லத் தாழ்ந்து தரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அவர் கதவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் கதவு மட்டும்தான். அப்புறம் புள்ளிகள் குறையத் தொடங்கின. குறைந்து, குறைந்து, இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்து போயின.

நான் அழுதேன். துக்கத்தில் அல்ல, சந்தோஷத்தில். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. எபினா பயந்துபோய், "என்னாச்சு, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "வேல செய்யுது எபினா. திசை சரியாச் சொல்லுது" என்றேன்.

சாயங்காலக் கூட்டத்துக்குக் குரிஹாரா வரவில்லை. தேடினார்கள், கதவைத் திறந்தார்கள், கதவடியிலேயே இருந்தார். மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் சரியாகவே பதில் சொன்னேன். சில்லு கறுப்பாக இருந்ததா என்று கேட்டீர்கள். கறுப்பாகத்தான் இருந்தது.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். கறுப்பு உடை, கையில் துணியில் முடிந்த பலகாரப் பெட்டி. உட்கார்ந்ததும் நெற்றி பாயில் படும்படி குனிந்தார். "எங்க வீட்டுக்காரர் சில்லத் திருப்பாமப் போயி உங்களுக்கெல்லாம் எவ்வளவு பெரிய தொந்தரவு குடுத்துட்டார். எபினாசானுக்கு வேற மனசு ஒடஞ்சு போச்சாம். மன்னிச்சிடுங்க" என்றார். கணவருடைய அஜாக்கிரதைக்காக ஊரில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நான், "பரவாயில்லம்மா, மறதி யாருக்கும் வரும்" என்று சொல்லித் தேநீர் ஊற்றினேன். வேறு என்ன சொல்வது அந்த நேரத்தில்?

அப்போதுதான் அவர் விளக்குக் கதையைச் சொன்னார். அன்றைக்குக் காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே குரிஹாரா வீட்டில் சொன்னாராம். "இன்னைக்கு சென்பாய்க்குத் தெரியாம வெளக்க மறச்சு வெக்கப்போறேன். கூட்டத்துல நான் அப்படிப் பேசினது தப்பு, தூக்கமே வரல. அவங்க கண்டிப்பாக் கண்டுபிடிச்சிடுவாங்க பாரு. அப்புறம் எல்லார் முன்னாடியும் நான் தலைகுனிஞ்சு நிக்கணும். நின்னா என்ன, நிக்கிறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அந்த அம்மாள் அதைச் சொல்லும்போது அழுதார். "அவருக்கு உங்க மேல அவ்வளவு மதிப்பு" என்றார்.

நான் என் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

இறந்தவர் கையில் விளக்கு இருந்ததாக நீங்கள் எழுதியது உண்மைதான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். சுண்டுவிரல் நுனி அளவு விளக்கு. எங்களுடைய மிக மங்கிய விளக்கு அது, அதற்குப் பக்கத்தில் மின்மினி வந்தால் தீவட்டி மாதிரி தெரியும். எரிந்துகொண்டிருந்தாலும் கையில் வைத்திருப்பவருக்கே தெரியாது. அது எரிந்துகொண்டுதான் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

போன வாரம் ஆய்வுக்கூடத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். புதிய தொட்டிக்குத் தட்டான் கண்களே போகின்றன. திசை சொல்லும் திறன் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டுவிட்டதாம். எதனால்? மறைந்த குரிஹாரா மசாதோ தம் உயிரைக் கொடுத்து நடத்திய மறைவிளக்குச் சோதனையால். குரிஹாரா சோதனை என்று பெயரே வைத்துவிட்டார்கள். இனி உலகத்தில் எங்கே என் கருவியைப் பற்றி எழுதினாலும் அந்தப் பெயர் கூடவே வரும். இருட்டுக்கூடத்து வாசலில் பித்தளைத் தகடு பதிக்கப்போகிறார்கள். திறப்பு விழாவில் நான்தான் பேச வேண்டுமாம். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

அந்த வெளிச்சம் விளக்கு இல்லை, வகிதாசான். விளக்கு மங்காது, இது மங்கியது. உயிர் போகப் போக எப்படி மங்குமோ அப்படி மங்கியது. அவர் சாயும்போது விரல்கள் விளக்கை மூடிக்கொண்டதால் மங்கியிருக்கும் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். பிணத்தை அறுக்கிறவருக்கு ஒளிமணியைப் பற்றி என்ன தெரியும்? விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் அதுவும் நகருமே என்கிறீர்கள். நகரட்டும். என் கருவியை எனக்குத் தெரியும். நான் பார்த்தது அவருடைய முகத்தை.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? விளக்கு என்றே வைத்துக்கொண்டால் என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள். விளக்கு என்றால், நான் கேட்ட சோதனையை அவர் எனக்காக வைத்துவிட்டார். திரையில் புள்ளிகள் எதிர்ச்சுவரில் சேர்ந்தபோதே நான் கண்டுபிடித்தும்விட்டேன். அந்த நொடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எபினா திறக்கலாமா என்று கேட்டபோது திறந்திருந்தால் அவர் நடந்து வெளியே வந்திருப்பார். எல்லோர் முன்னாலும் எனக்குத் தலைகுனிந்து நின்றிருப்பார். மீதி நேரமெல்லாம் எதற்காக என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாமல் போய்விடும். அப்படி இருக்க முடியாது. அப்படி இல்லை.

அதனால் விபத்து என்பதை அடித்துவிடுங்கள். அவர் சில்லைத் திருப்ப மறக்கவில்லை, திருப்பிவிட்டுத்தான் உள்ளே போனார். அவர் மனைவி இனி யார் வீட்டுக்கும் போய்க் குனிய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கதவை மூடினேன், தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே இருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் என் கண் முன்னால் திருத்துங்கள். வெளிச்சம் அவருடையது. அந்தச் சோதனையை வைத்தது குரிஹாரா இல்லை. நான்.